தலையாட்டி வளர்த்த ஷோ நாய்

தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருஷம் நின்ற மனுஷனுக்குக் காது என்று ஒன்று மிஞ்சுமா, நீங்களே சொல்லுங்கள். இவருக்கு வலது காதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது காது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் கௌரவம் என்னாவது? எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார், மீதிப் பாதிக்குத் தலையை ஆட்டிவிடுவார். அப்படி எதற்கோ ஆட்டிவைத்து ஒரு வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் பார்த்தார். அதிலிருந்து ஷாப்பில் அவர் பெயரே தலையாட்டி.

வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தார் துணிகளைப் பிடித்தும் இறக்கியும் கொடுப்பவள். புருஷனிடம் கத்திக் கத்தியே குரல் கட்டிப்போனவள்.

லீவு நாட்களில் அவர் வெல்டிங் வேலைக்குப் போவார். அப்படித்தான் நாய்ப்பண்ணைக்காரர் பழக்கமானார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கசங்காத பேச்சு. வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் வரைந்து காட்டுவது மாதிரி பேசுவார். "இந்த மனுஷன் பேசுறது மட்டும் எனக்கு அப்படியே விளங்குதுடி" என்று மனைவியிடம் பெருமைப்பட்டார் தலையாட்டி. அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பண்ணை முழுக்க வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன்கள். அங்கே கூண்டுகளுக்கு வெல்டிங் வைக்கிற வேலை. மூன்றாம் நாள், ஓரக் கூண்டில் ஒரு குட்டி தனியாகப் படுத்திருந்தது. மதியம் டாக்டர் கார் வந்தது. சாயங்காலம் கூண்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். என்ன ஏது என்று கேட்டதற்குப் பண்ணைக்காரர் நிதானமாகச் சொன்னார்.

"அது காது கேக்காத குட்டி. இந்த இனத்துல அப்படிச் சிலது பொறக்கும். குறையுள்ளதை நான் வெளிய விடமாட்டேன். ஒரு ஊசிதான். வலிக்காது."

தலையாட்டி அதற்கும் தலையை ஆட்டினார்.

வேலை முடிந்த அன்று பண்ணைக்காரர் எட்டு வாரக் குட்டி ஒன்றைத் தூக்கி இவர் கையில் வைத்தார். அச்சுப் போட்ட மாதிரி புள்ளி. "இவனை நாய்ப் போட்டி ஷோவுக்குத் தயார் பண்ணுங்க. ஒரு தடவை ஜெயிச்சுட்டா, நாய் யாருதுன்னு பதிஞ்ச பேப்பரை உங்க பேருக்கே மாத்தித் தந்துடுறேன். அதுவரைக்கும் என் பேர்ல இருக்கட்டும். நடுவுல ஏதாச்சும் குறை தெரிஞ்சா என்கிட்டயே கொண்டுவந்துடணும். சரிங்களா?"

சரி சொல்ல அந்தத் தலைக்குக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்!

புள்ளி என்று பேர் வைத்தார்கள். அப்புறம் வீடு வீடாகவா இருந்தது? தையல் மேஜையில் குட்டியை ஏற்றி நிறுத்துவார். முன்னங்கால் இரண்டும் நேர்க்கோட்டில், பின்னங்கால் கொஞ்சம் தள்ளி, முதுகு வளையக் கூடாது. கையில் இருக்கிற ஈரல் துண்டையே பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் இமைகூட ஆடாமல் நிற்க வேண்டும். ஜட்ஜ் வந்து வாயைத் திறந்து பல் பார்ப்பார், அடிவயிற்றில் கை விடுவார், உறுமக் கூடாது. அந்தப் பழக்கத்துக்காகத் தபால்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று சிக்கியவரையெல்லாம் இழுத்துவந்து நாயின் வாயைத் திறக்கச் சொன்னார். "என் பல்லையே நான் இவ்வளவு அக்கறையா பாத்ததில்லைங்க" என்று புலம்பினார் வாத்தியார்.

உத்தரவெல்லாம் கையால்தான். பிரஸ் ஓடும்போது வாயால் பேசி என்ன பயன்? முஷ்டி என்றால் நிறுத்து, இரண்டு விரல் என்றால் நகர்த்து, விரித்த கை என்றால் அப்படியே நில். ஷாப் பாஷையை அப்படியே நாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். பத்தே நாளில் பிடித்துக்கொண்டது. குப்பை லாரி தடதடவென்று போகும், தெரு நாயெல்லாம் தொண்டை கிழியக் குரைக்கும், புள்ளி மட்டும் மகாராஜா மாதிரி நிற்கும். "என்ன அடக்கம், என்ன அடக்கம்!" என்று பூரித்துப்போனார்.

ஒரு நாள் மனைவி கையிலிருந்து பெரிய பாத்திர மூடி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவளே அலறிவிட்டாள். பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த புள்ளி, சுவரில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். நாலு நாள் கழித்து, புருஷன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, நம்ம புள்ளிக்குக் காது கேக்கல."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று எகிறினார். எகிறிவிட்டு அதே மூடியை எடுத்துக்கொண்டு போய்ப் புள்ளிக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கி அடித்தார். அவருக்கே கேட்டது. நாய்க்குக் கேட்கவில்லை. நாலு மாசமாகத் தன் கையால் தடவி வளர்த்த குட்டி! கூடவே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். கழுவி வைத்த அந்த ஓரக் கூண்டு ஞாபகம் வர, குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டார்.

"திருப்பிக் கொடுக்க மாட்டேன்டி. ஒரே ஒரு தடவை ஜெயிக்கட்டும். பேப்பர் நம்ம பேருக்கு வந்துட்டா எவனும் ஊசி போட முடியாது."

"ஷோவுல காது கேக்காத நாயைச் சேக்க மாட்டாங்களே, யாராச்சும் கண்டுபிடிச்சுட்டா?"

"எப்படிக் கண்டுபிடிப்பான்? என்னையே இத்தனை வருஷமா கண்டுபிடிக்கலையே!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை ஆரம்பித்தது. மரப்பலகையில் நாயை நிறுத்தி, பின்னாலிருந்து காலால் மெல்லத் தட்டுவார். பாதத்தில் அதிர்வு பட்டதும் புள்ளி திரும்பினால் ஒரு ஈரல் துண்டு. இரண்டு மாசத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புகிற நாய் என்று பார்ப்பவர் சத்தியமே செய்யலாம்.

அந்தச் சமயத்தில் பண்ணைக்காரர் ஒரு நாள் வந்தார். புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தார், தோளைத் தடவினார், "அருமை" என்றார், போய்விட்டார். அவர் கார் மறைகிற வரைக்கும் மனைவி வாசலில் நின்றாள்.

"நாயைப் பாக்க வந்த மனுஷன் ஒரு தடவையாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாராங்க? அவர் நாயைவிட உங்களைத்தான் அதிகமா பாத்தாரு."

"நீ ஒருத்தி, கயிறைப் பாத்தாலும் பாம்புன்னுவ" என்று அடக்கிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பலகைப் பயிற்சியை ஒரு மணி நேரம் கூட்டினார்.

ஷோ நடந்தது ஒரு பெரிய மைதானத்தில். வேலி கட்டிய ரிங்குக்குள் கால் வைத்ததும்தான் மனுஷனுக்கு உறைத்தது: கீழே புல். மெத்தை மாதிரி புல். எவ்வளவு தட்டினாலும் அதிர்வு போகாது. திரும்பி ஓடவும் முடியாது. வரிசை வரிசையாக நாய்கள் நிற்கும்போது ஒலிபெருக்கி திடீரென்று கீச்சென்று அலறியது. மற்ற நாய்களெல்லாம் துள்ளிக் கயிற்றை இழுத்தன. புள்ளி ஒன்றுதான் சிலையாக நின்றது. வேலிக்கு வெளியே கைதட்டல். ஜட்ஜ் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக இங்கே வந்தாள். பல் பார்த்தாள், முதுகைத் தடவினாள், பிறகு மெதுவாகப் பின்பக்கம் போய்க் கைப்பையில் கையை விட்டாள். சாவிக்கொத்து.

அவள் அதைக் குலுக்குகிற அதே கணத்தில் தலையாட்டி ஈரல் பிடித்த கையை ஓர் அங்குலம் ஓரமாக நகர்த்தினார். புள்ளி தலையைத் திருப்பியது. ஜட்ஜ் தலையசைத்துக்கொண்டு நகர்ந்தாள். முதல் பரிசு ரிப்பன் புள்ளியின் கழுத்தில் ஏறியது.

பண்ணைக்காரர் தயாராகப் பேப்பரோடு நின்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இனி இவன் உங்க நாய். ஒரே ஒரு உதவி. என் பெட்டை ஒன்னு சேர்க்கைக்குத் தயாரா இருக்கு, ரெண்டு நாள் புள்ளியைக் கொண்டுவாங்க." சந்தோஷத்தில் கண் கலங்கி நின்றவர் தலையை ஆட்டிவிட்டார். வீட்டில் மனைவி கேட்டாள், "பொறக்கப்போறதுங்களுக்கும் இப்படியே ஆச்சுன்னா?" "ஆகாது" என்றார். அது அவருக்கே பொய் என்று தெரியும். வாக்குக் கொடுத்தாயிற்று, இப்போது மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே என்ற பயம்தான்.

பெட்டை ஒன்பது குட்டி போட்டது. ஆறாவது வாரம் பண்ணைக்காரர் கூப்பிட்டனுப்பினார். போனபோது டாக்டர் கார் ஏற்கெனவே உள்ளே நின்றது. ஓரக் கூண்டில் நாலு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கின.

"நாலுக்குக் கேக்கல" என்றார் பண்ணைக்காரர். "தாய்ப் பக்கக் கோளாறா இருக்கும். அவளையும் அனுப்பிட வேண்டியதுதான்."

அதற்குமேல் தலையாட்டியால் தாங்க முடியவில்லை. "அவ மேல தப்பில்ல சார்! என் நாய்தான். புள்ளிக்குக் காது கேக்காது. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

பண்ணைக்காரர் சிரித்தார். "எனக்கு அவன் மூணு வாரக் குட்டியா இருக்கும்போதே தெரியும். அந்த மாதிரி புள்ளி ரொம்ப அபூர்வமா விழும். அதே புள்ளியோட பொறக்குற குட்டிங்க நல்ல விலைக்குப் போகும், ஊசி போட மனசு வரல. நானே ரிங்குல நிறுத்தினா, என் பண்ணைக் குட்டின்னு காதை விடாம சோதிச்சுப் பாப்பாங்க. காது கேக்குறவன் கையில கொடுத்தா ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுக் கத்துவான். நீங்க வெல்டிங் பண்ணும்போது பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பல." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் தெளிவாக உதட்டை அசைத்தார். "பேப்பர் உங்க பேர்ல இருக்கு. விஷயம் வெளிய வந்தா ஏமாத்தினது நீங்கதான். அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு பெட்டையோட வர்றேன்."

"அந்த நாலையும் எனக்குக் கொடுத்துடுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது என் வழக்கமில்ல."

வீட்டுக்கு வந்து தையல் மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புள்ளி வந்து மடியில் தலையை வைத்தது. "ஒன்னைக் காப்பாத்தப் போய் நாலைக் கொன்னுட்டேன்டி" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் எத்தனை?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பண்ணைக்கு வராத வேறு டாக்டராகத் தேடிப் புள்ளிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார். இனி சேர்க்கை கிடையாது, ஷோ கிடையாது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் போயிற்று. போகட்டும் சனியன் என்று இருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கார் வந்தது. தலையாட்டி வாசலிலேயே நின்று, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றார். ஒருவர் முகத்துக்கு நேரே அவர் முடியாது என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பண்ணைக்காரர் குனிந்து தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல. அந்த நாலுல மூணுக்குத்தான் ஊசி போட்டேன். ஒருத்தனை வெச்சுக்கிட்டேன். உடம்புல இருக்கிற புள்ளியெல்லாம் அப்படியே அப்பனை உரிச்சு வெச்ச மாதிரி. வளர்க்க உங்களை மாதிரியே காது மந்தமான ஆள் ஒருத்தர் கிடைச்சிருக்காரு, நேத்துதான் கொடுத்தேன். பேப்பர் அவன் ஜெயிக்கிற வரைக்கும் என் பேர்லதான்."

கார் போய்விட்டது. தலையாட்டி செருப்பைத் தேடினார். "எல்லா ஷோவுக்கும் போறேன். எந்த மைதானத்துல நிறுத்தினாலும் அந்தக் குட்டியைக் கண்டுபிடிச்சு எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கிறேன்."

"உடைச்சா?" என்றாள் மனைவி.

ஒரு செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றார். சொன்னால் அந்தக் குட்டிக்கு அன்றைக்கே ஊசி. சொல்லாவிட்டால் அதற்குப் பிறக்கப்போகிறவற்றுக்கு.