சோழபுரம் பஸ்ஸை மட்டும் நிறுத்தியவர்

போன செவ்வாய்க்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் தர்மர் வாசலில் வந்து நின்றார். ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் மாடி ஏறி வரமாட்டார்கள். "சார், நம்ம குருசாமி அண்ணாச்சி தவறிட்டாவ. காலையில பேப்பர் படிச்சிட்டு இருந்தவிய அப்படியே சாஞ்சிட்டாவளாம்" என்றார். எந்தக் குருசாமி என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த குருசாமி ஒருவர்தான். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று அந்த ஒரு நொடி ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

எங்களிடம் படித்தவர்களுக்கும் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் அண்ணாச்சியை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கல்லூரியில் பஸ் பாஸ் கொடுக்கும் எழுத்தராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கண்ணீரோடு எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே கொரோனா காலத்தில் கல்லூரியைத் திரும்பத் திறந்த அந்த இரண்டு வாரப் பரபரப்புதான் எனக்கு வருகிறது. இப்போதும் உடம்பு சுறுசுறு என்கிறது. என்ன செய்ய, அப்படி ஒரு காலம் அது.

அண்ணாச்சியின் ஜன்னலில் போய் நின்றால் பெயர் கேட்கமாட்டார். "எந்த ஸ்டாப்பு?" என்பார். ஒருமுறை ஒரு மாணவியின் பெற்றோரை உடனே வரவழைக்க வேண்டியிருந்தது. அலுவலகக் கணினியில் இருந்த எண் வேலை செய்யவில்லை. பெயரையும் வகுப்பையும் சொன்னேன். விழித்தார். புகைப்படத்தைக் காட்டினேன். "அட, கிருஷ்ணன்கோவில் பெட்ரோல் பங்க் ஸ்டாப்பு. அவுக அப்பா அங்கன பஞ்சர் கடை வச்சிருக்காரு" என்றவர், ஐந்து நிமிடத்தில் அந்த அப்பாவை போனில் பிடித்துக் கொடுத்தார். நாங்கள் பிள்ளைகளை வகுப்பாகப் பார்த்தோம், அவர் நிறுத்தமாகப் பார்த்தார். அதை அன்று ஒரு வேடிக்கையாக நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

கல்லூரி மூடி எட்டு மாதம் போயிருந்தது. மைதானத்தில் இடுப்புயரம் புல். நாங்கள் கைப்பேசிக்குள் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் யார் கேட்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பாதிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எப்படித் திறக்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் திட்டம் தரவேண்டும், ஒரு நேரத்தில் பாதிப் பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. ஆறு பேராசிரியர்கள் கொண்ட குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். புள்ளியியல் வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று நாளில் திட்டத்தை முடித்தேன். ஒற்றைப்படைப் பதிவெண்காரர்கள் திங்கள், புதன், வெள்ளி. இரட்டைப்படை எண்காரர்கள் செவ்வாய், வியாழன், சனி. அட்டவணைக்குப் பச்சையும் மஞ்சளுமாக நிறம் கொடுத்தேன். அதை என் மனைவியிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கல்லூரிச் செயலாளர் மட்டும் ஒன்று சொன்னார்: "திறப்போம். ஆனா ஒரு தடவ நோய் வந்து மூடுனோம்னா, இந்த வருஷம் திரும்பத் திறக்கிற பேச்சே கிடையாது." கடைசியில் எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்க அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை. என் அட்டவணையைக் கையில் வாங்கி முகக்கவசத்துக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"சார், இதுல பஸ் எங்கன இருக்கு?"

"பஸ் எப்பவும் போல ஓடும் அண்ணாச்சி. பாதிக் கூட்டம்தானே" என்றேன்.

"திங்கக்கிழம ஒத்தப்படைக்காரி உக்காந்த சீட்டுல செவ்வாக்கிழம ரெட்டப்படைக்காரி உக்காருவா. டிரைவர் ரெண்டு கூட்டத்தையும் ஏத்துவான். ஒரே வீட்ல அக்கா ஒத்த, தங்கச்சி ரெட்ட. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா யாரை சார் நிப்பாட்டுவீக? அம்புட்டுப் பேரையும்தான நிப்பாட்டணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் பாஸ் அடிப்பவர் எனக்குத் திட்டம் சொல்வதா என்ற கோபம்தான், வேறென்ன? "அப்ப நீங்களே போட்டுத் தாங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. "நாளைக்குக் காலையில ஒரு எட்டு சுந்தரபாண்டியம் வாரீகளா? செத்த நேரம்தான்" என்றார்.

கல்லூரி வேனில் போனோம். அவர் கூட்டிப்போனது மூன்றாம் ஆண்டு வேதியியல் படித்த முத்துமாரியின் வீட்டுக்கு. கல்லூரி மூடிய இரண்டாம் மாதமே அந்தப் பெண் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் அவளுடைய அம்மா அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்தி மார்க் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் திட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "ஒருநா விட்டு ஒருநா காலேசுன்னா மில்லுல சேக்க மாட்டாவ சார். வந்தா முழு வாரம் வா, இல்லன்னா நின்னுக்கோங்காவ. அவ சம்பளத்துலதான் வீடு ஓடுது. நாங்க என்ன செய்ய?" முத்துமாரி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "சார், பிராக்டிக்கல் எல்லாமே பாக்கி இருக்கு. அத முடிக்கலன்னா பரிச்சை எழுத முடியாதுல்ல?" என்றாள். முடியாது என்றேன். அதே தெருவில் இன்னும் நான்கு பெண்கள் அவளைப் போலவே இருந்தார்கள். செய்முறையை முடிக்காவிட்டால் ஐந்து பேருக்கும் பட்டம் போச்சு. என் பச்சை மஞ்சள் அட்டவணை அந்தப் பெண்களைக் கல்லூரிக்கு வரவே விடாது என்பது அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் அண்ணாச்சி கேட்டார்: "வாரம் விட்டு வாரம் வச்சா?" வேன் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் முழுத் திட்டத்தையும் சொல்லிவிட்டார். வடக்கு ரூட் பிள்ளைகள் ஒரு வாரம், தெற்கு ரூட் பிள்ளைகள் மறுவாரம். ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வாரம். ஓட்டுநருக்கு ஒரே ரூட். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் வகுப்பிலும் ஒரே வரிசை, சாப்பாட்டுக்கும் ஒரே மரத்தடி. எனக்குத் தலை கிறுகிறுத்தது. நான் மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து காணாததை மனிதர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே சொல்கிறார். நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். "உக்காருங்க சார், வேகத்தடை வருது" என்றார்.

அடுத்த நான்கு நாட்கள் போல ஒரு நான்கு நாட்கள் எனக்கு அமைந்ததில்லை. கருத்தரங்கக் கூடத்தில் தரை முழுக்க பஸ் பாஸ்களைப் பரப்பினோம். ஓட்டுநர்கள் ஆறு பேரும் வந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒரு பெயரை வாசித்தால் நான்கு குரல் நிறுத்தத்தைச் சொல்லும். "இந்தப் பய சோழபுரம் பாஸ் வச்சிருக்கான், ஆனா ஏறுறது முறம்பு சார், அங்க அவுக அம்மாச்சி வீடு" என்று தர்மர் கத்துவார். "ஏலே, அத நேத்தே மாத்தியாச்சு" என்று அண்ணாச்சி அடக்குவார். வேதியியல் துறைத் தலைவி வடக்கு வாரத்தில் ஆய்வகத்தைக் காலையிலிருந்து மாலைவரை திறந்து வைக்க ஒத்துக்கொண்டார். அண்ணாச்சி ஆலையின் ஆள் எடுப்பவரைப் பார்த்துப் பேசி, ஐந்து பெண்களுக்கும் வாரம் விட்டு வாரம் வேலைக்குச் சம்மதம் வாங்கி வந்தார். எனக்குப் பசி மறந்தது, கோபம் மறந்தது, யார் எழுத்தர் யார் பேராசிரியர் என்பதும் மறந்தது.

திறந்த நாளன்று வடக்கு ரூட் பஸ் வளாகத்துக்குள் திரும்பியபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன; எந்தக் கண் யாருடையது என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணாச்சிக்கு விளங்கியது. படிக்கட்டில் இறங்க இறங்க நிறுத்தத்தைச் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தார். "சுந்தரபாண்டியம் அஞ்சு" என்று அவர் சொன்னபோது முத்துமாரி இறங்கி நேரே ஆய்வகத்துப் பக்கம் ஓடினாள். வரிசையில் போ என்று அதட்ட வாயெடுத்தவன், வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

ஆறாவது வாரம், நாங்கள் பயந்தது நடந்தது. அது தெற்கு வாரம். சோழபுரம் பஸ்ஸில் வந்த ஒரு மாணவனுக்கு நோய் உறுதியானது. அரை மணி நேரத்தில் செயலாளர் அறையில் கூட்டம். எல்லோர் முகமும் செத்துப்போயிருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன். இன்னையோட மூடிருவோம்" என்றார் செயலாளர். முத்துமாரிக்கும் மற்ற நால்வருக்கும் செய்முறையில் இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

அண்ணாச்சியை அன்று யாரும் கூப்பிடவில்லை. அவராகவே கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"ஐயா, அந்தப் பய வந்த பஸ்ல வந்தது இருபத்திரெண்டு பேரு. யாரு எந்த சீட்டு, வகுப்புல எந்த வரிச, எல்லாம் இதுல இருக்கு. எல்லாருக்கும் போன் போட்டாச்சு, வீட்டுலயே இருக்கச் சொல்லியாச்சு. டிரைவரையும் சேத்துத்தான். வடக்கு ரூட் பிள்ளைக இந்த வாரம் காலேஜ் பக்கமே வரல. ஒரு பஸ்ஸ நிப்பாட்டுங்க, போதும். காலேஜ ஏன் நிப்பாட்டணும்?"

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு சுகாதார ஆய்வாளருக்குப் போன் செய்து, எதற்கும் இருக்கட்டும் என்று தாளை முழுதாக வாசித்துக் காட்டினார். மறுமுனையில் இருந்தவர் இரண்டு முறை திருப்பி வாசிக்கச் சொன்னார். சோழபுரம் பஸ்ஸை மட்டும் இரண்டு வாரம் நிறுத்தினால் போதும் என்றார். அந்த இருபத்திரண்டு பேரில் வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் வடக்கு ரூட் பஸ் வந்தது. ஐந்து பெண்களும் செய்முறையை முடித்தார்கள். கடைசி நாள் முத்துமாரி கையில் அமிலக் கறையோடு வந்து, முடிந்தது என்று சொன்னபோது நான் துள்ளியதை அவளே இன்றுவரை சொல்லிச் சிரிப்பாள்.

இனி நான் எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பல்கலைக்கழகம் எங்களிடம் அறிக்கை கேட்டது. எழுதினேன். வேறு கல்லூரிகள் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன. கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன், கை தட்டினார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் குழு உறுப்பினர் பெயர்கள் ஆறு, அத்தனை பேரும் பேராசிரியர்கள். அலுவலக ஊழியர் பெயர் போடப் படிவத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஒருநாள் அண்ணாச்சி அதில் ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. மடித்து வைத்துக்கொண்டார். "நல்லா வந்திருக்கு சார். எழுத்து பெருசா இருக்கு, கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடியுது" என்றார். அதற்குப் பிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே சிரிப்புதான், அதே மரியாதைதான். அதுதான் என்னைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு முன்னால் பெருங்கூட்டம். முத்துமாரி வந்திருந்தாள். இப்போது ராஜபாளையம் பக்கம் ஒரு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் முதல்வர், மாலையோடு வந்த வேறொரு கல்லூரிப் பேராசிரியருக்கு என்னை அறிமுகம் செய்தார்: "கொரோனா நேரத்துல பஸ் ரூட் வச்சுக் காலேஜ் திறந்தோமே, அந்தத் திட்டம் சாரோடதுதான்." முத்துமாரி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னோடது இல்ல. இங்க படுத்திருக்காவளே, அவியளோடது" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா சொன்னேன் என்று தெரியவில்லை.

யாருக்காவது ஒரு திட்டம் எழுதும் முன் அவர்கள் வீட்டுவாசல்வரை ஒரு எட்டுப் போய்வருவது என்று ஒரு வழக்கம் அண்ணாச்சியிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். திட்டத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன், அவர் காதில் விழாத நாளில்.