செவலைக்கு வாசித்த பாடம்

இன்று வகுப்பில் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, சாலையில் அடிமாடுகளைக் கேரளத்துக்கு ஓட்டிப் போனார்கள். மாட்டு வாடை ஜன்னல் வழியே வந்ததும் இலத்தூரில் எங்கள் தொழுவம் நினைவுக்கு வந்தது.

அண்ணன் சல்லிக்கட்டுக்கென்று ஒரு செவலைக் காளை வளர்த்தான். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவான். வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டி, குத்தப் பழக்குவான்.

“ஏட்டி, அது பக்கத்துல போவாத. ஆள் கை பழகிட்டுன்னா பாயாது” என்பான்.

நான் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் வாசிப்பைக் கேட்க வீட்டில் யாருக்கும் பொழுதில்லை. அண்ணன் வயலுக்குப் போனதும் செவலையின் கழுத்தடியைச் சொறிந்துகொண்டே பாடம் வாசிப்பேன். அது கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும்.

மாட்டுப் பொங்கலன்று வாடிவாசலில் அவிழ்த்து விட்டார்கள். முதலில் கை வைத்தவனுக்கே செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

“ஏலே, காளை வளத்தியா, கன்னுக்குட்டி வளத்தியா?” என்று கூட்டம் சிரித்தது.

மறுவாரம் கேரள வியாபாரி அதை ஓட்டிப் போனான்.

“எங்கன தப்பு பண்ணுனேன்னே தெரியலையேட்டி” என்று அண்ணன் என்னிடம்தான் கேட்டான். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதன்பிறகு அவன் மாடே வளர்க்கவில்லை.

சாலையில் ஒரு மாடு மட்டும் நின்று, பிள்ளைகள் வாசிக்கும் பக்கமாகக் கழுத்தை நீட்டியது.

“போதும், புஸ்தகத்த மூடுங்க” என்றேன்.