ஸ்டேஷன் ஓட்டலின் ஜன்னலோர மேசை

பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே எங்கள் அப்பா ஓட்டல் திறந்தபோது, அதில் குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, சாப்பிட ஆள் வரவில்லை என்பதைத் தவிர.

அப்பா அதுவரை ஸ்டேஷனுக்குள் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் அறையில் பட்லராக இருந்தவர். துரைகளுக்குப் பரிமாறிப் பரிமாறி, ஓட்டல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வேலையை விட்டுவிட்டு வந்து, மேசைக்கு மேசை கஞ்சி போட்ட வெள்ளைத் துணி விரித்தார். முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம். கைத்துண்டுகளைத் தாமரைப்பூவாக மடித்து வைத்தார். வாழை இலை போடலாமே என்றாள் அம்மா. அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்றார்.

மெட்ராஸ் வண்டி காலையில் வந்து நின்றதும் ஜனங்கள் பசியோடு இறங்கி வருவார்கள். உள்ளே இட்லியும் கறிக்குழம்பும் தயாராக இருக்கும். ஆனால் வாசலில் எட்டிப் பார்ப்பவர்கள் கத்தியைக் கண்டதும், இது துரைமார் சாப்பிடும் இடம் என்று பயந்து நகர்ந்துவிடுவார்கள். துரைமாரோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜட்கா குதிரைவண்டியில் ஏறிப் போனார்கள். மிஞ்சிய இட்லியை மூன்று வேளையும் நாங்களே தின்றோம். எனக்கு அதில் வருத்தமில்லை. இப்படியே போனால் அண்ணன் பழைய துரை முன்னால் கைகட்டி நின்று வேலை கேட்க வேண்டியதுதான் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது.

ஒருநாள் காலை அம்மா திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துப்போய், தெருவைப் பார்த்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். கத்தியையும் முள்கரண்டியையும் ஒதுக்கினாள். இரண்டு தட்டு இட்லியும் குழம்பும் கொண்டுவரச் சொன்னாள். யாரிடம்? அப்பாவிடம். அவருக்குக் கோபமும் வந்தது, மெட்ராஸ் வண்டியும் வந்தது. இரண்டு தட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

"மெதுவா சாப்பிடு. வண்டி ஜனம் போற வரைக்கும் தட்டு காலியாவக் கூடாது" என்றாள் அம்மா.

இப்படி ஒரு கட்டளையை நான் அதுவரை கேட்டதில்லை. குழம்பில் பிசைந்து பிசைந்து கையாலேயே சாப்பிட்டோம்.

மூட்டையும் மனைவியுமாக வந்த ஒருவர் வாசலில் நின்று எங்கள் கைகளையே பார்த்தார்.

"ஏம்மா, இங்க நம்மளும் உக்காந்து சாப்பிடலாமா?"

"நாங்க என்ன தொரைங்களா? உள்ள வாங்க."

வந்தார்கள். அப்பா பழக்கதோஷத்தில், அவர் உட்காருவதற்காக நாற்காலியைப் பின்னால் இழுத்தார். போகச் சொல்கிறார் என்று எண்ணி அவர் மூட்டையை மறுபடி தூக்கிவிட்டார். சமாதானப்படுத்தி உட்காரவைப்பதற்குள் அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். அன்று எங்களுக்கு இட்லி மிஞ்சவில்லை. அந்த ஓட்டல் பிறகு மாடி கட்டி, பயணிகள் தங்க அறைகள் போட்டு, நான் கல்யாணமாகிப் போன பிறகும் நன்றாகவே நடந்தது.

எனக்கு அன்று அது வெறும் விருந்து. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்பங்கரையில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அம்மா. அவள், அப்பா நின்று பரிமாற, ஸ்டேஷன் ரோடே பார்க்கச் சாப்பிடுகிறாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது மட்டும் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். குழம்பு காரம் என்றாள். நானும் அதே குழம்பைத்தான் தின்றுகொண்டிருந்தேன். எனக்குக் காரமாக இல்லை. பெரியவர்களுக்கு நாக்கு வேறு போலிருக்கிறது என்று நினைத்து, என் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.