முதுகுக்கு முதுகு இங்கிலீஷ்

சொந்தப் பெண்டாட்டியை விமானம் ஏற்றி அனுப்பத் தேவையான இங்கிலீஷை நானே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிடப் பெரிய கிறுக்கனை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து டீ குடிக்கலாம். டீ சுமாராகத்தான் இருக்கும். ஸ்டெல்லா பழகட்டும் என்று சமையல்கட்டு டப்பாக்களில் எல்லாம் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். அவள் ஜோர்டானில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு லைன் சூப்பர்வைசராகப் போனபிறகு, காலியான டப்பாவில் கைக்குக் கிடைத்ததைக் கொட்டிவைத்துவிட்டேன். இப்போது தினமும் காலையில் ‘சால்ட்’ டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்துப் போடுகிறேன்.

“ஏனுங்க வாத்தியாரே, அம்மிணி எப்பங்க வருவாங்க?” என்று மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா கேட்பார். “வந்துருவா” என்பேன். என் பேச்சு அவருக்கு இன்றைக்கும் முரடாகத்தான் கேட்கிறது. நாசரேத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூர் நல்லூரில் இந்த வீட்டில் குடியேறிய புதிதில், “ஏட்டி, இங்க வாட்டி” என்று நான் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டது மாடிவரை கேட்டுவிட்டது. அவர் இறங்கி வந்து, “சண்டையெல்லாம் வேண்டாமுங்க, நல்ல மனுசங்கன்னுதானுங்க ஊடு உட்டோம்” என்றார். எங்கள் ஊரில் அது கொஞ்சல். அதை எந்த மொழியில் விளக்குவது? ஸ்டெல்லா வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். சண்டையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு அவர் மாடியேறினார்.

இந்த ஊரின் ‘ங்க’ மரியாதைதான் என் வகுப்பையும் படுத்தியது. பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். “யெஸ்ஸுங்க” என்பார்கள், “தேங்க்யூங்க” என்பார்கள். இங்கிலீஷுக்கு ‘ங்க’ வேண்டாம்யா என்றால், “சரிங்க” என்பார்கள்.

உங்களில் யாராவது இங்கிலீஷ் வாத்தியார் இருந்தால், இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தை ஓரம் வையுங்கள். ஒரு டீசர்ட்டை நடுவில் போட்டு, ஆளுக்கொரு குறை சொல்லச் சொல்லுங்கள். காலர் நாட் ஸ்ட்ரெய்ட், ஸ்லீவ் டூ ஷார்ட் என்று கொட்டுவார்கள். குறை சொல்லும்போது மட்டும் மனிதனுக்குக் கூச்சமே வருவதில்லை. அடுத்தது போன் பேச்சு. இரண்டு ஸ்டூலை ஒட்டிப்போட்டு, இருவரை முதுகுக்கு முதுகு உட்காரவையுங்கள். முகமும் தெரியாது, கையும் தெரியாது. வார்த்தையை மட்டும் நம்பிப் பேசியாக வேண்டும்.

ஸ்டெல்லாவுக்கு இன்டர்வியூ போனில்தான். மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. என் வகுப்பு வரும்படியை நம்பினால் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில்தான் அவள் நர்ஸ் ஆகமுடியும். அதனால் அம்மா கிளம்புவதென்று முடிவானது. முடிவு எடுத்தது ஸ்டெல்லா, தலையாட்டியது நான். தினமும் அவள் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் ஸ்டூலில் உட்காருவோம். நான் ஜோர்டான் மேனேஜர். குரலைக் கனமாக்கி, குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்மா என்று இங்கிலீஷில் கேட்பேன்.

“ஒன் டாட்டர், ஒன் ஹஸ்பண்ட், சார்.”

“ஏட்டி, புருசனை எண்ணாதே. ஒண்ணுதான்னு அவங்களுக்கே தெரியும்.”

“இந்த ஒண்ணுக்கே எனக்கு மூச்சு முட்டுது, அதான் எண்ணிச் சொன்னேன்.”

சிரித்தபடியே அவள் தேறிக்கொண்டு வந்தாள். நல்ல வாத்தியாருக்குப் பெருமையாக இருந்தது. புருசன் அவள் ஒரு பதிலையாவது தப்பாகச் சொல்லமாட்டாளா என்று காத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருந்ததுதான் கஷ்டம்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், ஞாயிறு மத்தியானம். காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு உட்கார்ந்தாள். அவள் முகம் ஜன்னல் பக்கம், தெருவைப் பார்த்து. என் முகம் அடுப்பங்கரையைப் பார்த்து. நடுவில் ஒட்டியிருந்தவை இரண்டு முதுகுகள் மட்டும். அவள் உடம்புச் சூடு என் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை ஆண்டு அனுபவம், எத்தனை டெய்லர்களை மேய்ப்பாய், எல்லாவற்றுக்கும் பிசகாமல் பதில் சொன்னாள். இனி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மேனேஜர் குரலிலேயே, நாங்கள் பழகாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“டூ யூ வான்ட் டு கோ?”

‘நோ’ என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் முதுகு ஒருமுறை மேலே ஏறியது. ஏறிய மூச்சு இறங்க வெகுநேரம் ஆனது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“நெக்ஸ்ட் கொஸ்டின், சார்” என்றாள்.