மாமனார் பிழைக்கவைத்த வாதுமை

கச்சேரியில் வெள்ளைக்காரத் துரையின் மேசைமேல் அவர் ஊர்ப் படம் ஒன்று இருந்தது. ஒரு தோப்பு, குளிர் காலத்துக்கு முன்னால் இலையெல்லாம் குங்குமம் கொட்டினாற்போலச் சிவந்து நிற்கும். புத்தியுள்ள குமாஸ்தா பார்த்துவிட்டுக் காகிதக் கட்டை அவிழ்த்து வேலையைத் தொடங்கியிருப்பான். நானோ பாளையங்கோட்டைக்குத் திரும்பி, அப்படியொரு மரம் வைக்க இடம் வேண்டுமென்று வாசலில் காய்த்துக்கொண்டிருந்த முருங்கையை வெட்டினேன்.

மரம் தேர்ந்ததில் என் ஞானத்தைக் கேளுங்கள். குரோட்டன்ஸ் பிறவிச் சிவப்பு. அதில் என்ன சாமர்த்தியம் என்று தள்ளிவிட்டேன். மலையடிவாரத்துப் பூவமரம் துளிரில் சிவந்து, வயதானதும் பச்சையாகிவிடும். எனக்கு வேண்டியது கிழப்பருவத்தில் சிவப்பது. கடைசியில் நாட்டு வாதுமைக்கு வந்து சேர்ந்தேன். உதிரும் முன் அதன் இலை செக்கச்செவேலென்று ஆகும்.

சில வருஷம் அது பச்சையாகவே வளர்ந்தது. நாங்கள் முருங்கைக்காய் இல்லாத சாம்பார் சாப்பிட்டோம். பொறுத்துப் பார்த்த என் மனைவி கெடு வைத்தாள். வருகிற மாசியில் மரம் முழுக்கச் சிவக்க வேண்டும். இல்லையென்றால் அதை வெட்டிவிட்டு முருங்கைப் போத்து நட வேண்டும். களக்காட்டிலிருந்து அவள் அப்பா வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்; வழக்கு என்னவென்று அவர் வந்த பிறகு சொன்னால் போதும். போத்தும் அவரே கொண்டுவருவார். மாமனார் நெல் விவசாயி, நீதி தவறாதவர். ஒப்புக்கொண்டேன்.

மாசியில் மரம் சிவந்தது. படத்துத் தோப்பு பிச்சை வாங்க வேண்டும். அவர் வரும் நாள் விடியலில், ஜெயித்த முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். திரும்பினால் வாசலெல்லாம் புகை. மரத்தில் ஓர் இலை இல்லை. மாமனார் ஏணியிலிருந்து பைய இறங்கினார்.

"எல பூரா செவந்து கெடக்கு, கவனிக்காம இருந்திருக்கீயளே மாப்ளே. நெல்லுல இப்படிக் கண்டா வயலே போச்சு. சீக்கு எலைய எல்லாம் உருவி எரிச்சிட்டேன். இனி பயமில்ல."

அடுக்களையிலிருந்து மனைவி எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். ஏன் தடுக்கவில்லை என்றேன்.

"அப்பா மும்முரமா வேல பாக்காவ. நடுவுல பேசலாமா?" என்றவள், போத்தைத் தூக்கி வந்து, வெட்ட ஆள் கூப்பிடச் சொன்னாள்.

அங்கேதான் மாமனார் குறுக்கே நின்றார். "நான் பொழைக்க வச்ச மரம்லா. ஒருத்தரும் கை வைக்கப்படாது."

போத்து கிணற்றடிக்குப் போனது. இப்போது முருங்கையும் காய்க்கிறது, வாதுமையும் நிற்கிறது. மாசி பிறந்து நாலு இலை சிவந்தால் போதும், களக்காட்டு வண்டி ஏணியோடு வாசலில் நிற்கும். அவருக்கு யார் தகவல் சொல்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் என் சாம்பாரில் காய் குறைந்துவிடும்.