தேள் என்று கேட்ட காது

டீச்சரம்மா தன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழிக்கிற சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஓரத்தைப் பல்லால் ஒரு கடி கடித்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் நெடுக நேராகப் போகும். அதை முக்கோணமாக வெட்டி, துவைத்து, கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டு அடுக்கி வைப்பது என் வேலை. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை விடாமல் வரும் ஒரு சந்தில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் தமிழ்க் குழந்தைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினார். நான் அங்கே ஆயா. இந்த வங்காளி ஊரில் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி குழந்தைகள் என்னை மாஷி என்பார்கள். எனக்குப் பெரிய படிப்பில்லை. ஆனால் நான் துடைத்த தரையில் ஒரு குழந்தை வழுக்கி விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை புத்தகம் கிடையாது. அன்றைக்கு அடிபட்டால் என்ன செய்வது, அடிபடாமல் எப்படி இருப்பது என்கிற பாடம். டிராமிலிருந்து இறங்குமுன் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கவேண்டும். மழைத் தண்ணீர் தெருவில் தேங்கியிருந்தால் விளக்குக் கம்பத்தின் பக்கம் போகக்கூடாது. கரண்ட் அடித்தவனைத் தொடக்கூடாது, பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். நம் வீடுகளில் விரல் வெட்டிக்கொண்டால் உடனே காப்பிப்பொடியை அப்புவார்கள் இல்லையா, அது அவருக்கு ஆகவே ஆகாது. "காயத்துக்குக் காப்பி வேண்டாம்டா, எனக்குத்தான் வேணும்" என்பார். குழந்தைகள் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கும். பிறகு வேட்டித் துணிகளை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று கட்டுப் போடும். ஒருநாள் ஒரு பையன், "டீச்சர், கை உடைஞ்சது எனக்கு, ஆனா கட்டுப் போடறவன்தான் அழறான்" என்று புகார் சொன்னான். "அப்போ அவனுக்கும் ஒண்ணு போடு" என்றார் டீச்சரம்மா.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. வாசல் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான். வெளியே எல்லாம் வங்காளி, வீட்டிலும் பாதி வங்காளி, இங்கேயும் விட்டால் போச்சு என்பார். குழந்தைகளுக்கு ல வரும், ள வராது. வாழைப்பழத்தை எப்படிச் சொல்லும் என்று கேட்கவே வேண்டாம். எந்தக் குழந்தை எதைச் சொன்னாலும் அவர் காது முதலில் உச்சரிப்பைத்தான் திருத்தும். அது அவருடைய பெருமை. எனக்கும் அதில் பெருமைதான்.

அந்தக் காதால் ஒரு காரியம் நடந்தது, நவராத்திரி சரஸ்வதி பூஜை அன்று. அதற்கு முந்தைய வாரம் முழுக்க ள எழுத்து. பலகையில் தேள் படம் வரைந்து, "தேல் இல்லே, தேள், நாக்கை மடி" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கொல்லையில் வடை சுட அடுப்புப் போடுவதற்காகச் செங்கல் வந்து இறங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமைப் பாடமே அதுதான்: செங்கல் குவியலில் கைகால் வைக்காதே, இடுக்கில் தேள் இருக்கும்.

பூஜை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் குழந்தை கொல்லையிலிருந்து நொண்டிக்கொண்டு ஓடி வந்தது. அப்பா தமிழர், கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஆபீஸ் வேலை. அம்மா வங்காளி. குழந்தைக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் தயங்கித் தயங்கி வரும். "பாயே தேல், பாயே தேல்" என்று அலறியது. வங்காளத்தில் பா என்றால் கால் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கால்ல தேள் என்றுதான் டீச்சரம்மாவின் காதில் விழுந்தது. குழந்தையைக் கீழே கிடத்தினார். என்னைத் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கணுக்காலுக்கு மேல் வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். "அசையாதே கண்ணா, அசைஞ்சா விஷம் ஏறும்" என்றார். ஷூவைக் கழற்றித் தட்டித் தேளைத் தேடினார். குழந்தை காலை உதறிக்கொண்டு "தேல், கொரோம் தேல்" என்று கத்துகிறது. ஸாக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல்கார மாமா அப்போதுதான் ஓடி வந்தார். "மாமி, கரண்டியைத் தட்டிவிட்டுடுத்து. கொதிக்கிற எண்ணெய் அதோட கால்ல கொட்டிடுத்து" என்றார்.

கொரோம் தேல் என்றால் சூடான எண்ணெய். வங்காளத்தில் தேல் என்றால் எண்ணெய் என்பது டீச்சரம்மாவுக்குத் தெரியாததா. மாதா மாதம் கடையில் கேட்டு வாங்குகிறவர்தான். பள்ளிக்கூடத்துக்குள்ளே அந்தச் சொல் வந்தபோது மட்டும் அது அவருக்கு ள வராத தமிழாகக் கேட்டுவிட்டது. அதற்கப்புறம் அவர் செய்தது எல்லாம் சரிதான். கட்டை அவிழ்த்தார், குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார், ஒட்டாத இடத்து ஸாக்ஸை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தார், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனால் எண்ணெய் ஊறின துணி அதுவரை காலிலேயே இருந்துவிட்டது. புண் ஆழமாகிவிட்டது என்றார் டாக்டர்.

மறுநாள் குழந்தையின் அம்மா வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்து, புருஷனிடம் கற்றுக்கொண்ட தமிழில், அக்கா என்பதற்கு மட்டும் தீதி என்று வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர் தீதி, என் பொண்ணு சரியாத்தானே சொன்னா?"

"சரியாத்தான் சொன்னா."

"அப்போ தமிழ் வராத பிள்ளைக்கு இங்கே வலிச்சா, என்ன பண்ணணும்?"

டீச்சரம்மா எழுந்து போய்ப் பலகையிலிருந்த தேள் படத்தை அழித்தார்.

சனிக்கிழமைப் பாடமே வேண்டாம் என்று சில வீடுகளில் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை, மாற்றினார். முதலில் காயத்தைப் பார், பிறகு கேள், அதற்கப்புறம் தொடு என்று பாடம் அங்கேயிருந்து தொடங்கியது. எரிகிறது என்பதற்கு, வலிக்கிறது என்பதற்கு, வெட்டிக்கொண்டது என்பதற்கு வங்காளத்தில் என்ன, இந்தியில் என்ன என்று எல்லாக் குழந்தைகளும் படித்தன. "அழறதுக்கு எந்த பாஷையும் இங்கே தப்பில்லே" என்று அவர் சொன்னபோது, இத்தனை வருஷம் வாசலில் நின்று குழந்தைகளைத் தமிழில் பேசு என்று விரட்டிய எனக்கே கூச்சமாக இருந்தது.

புண் ஆறி அந்தக் குழந்தை திரும்பி வந்தது. ஆனால் டீச்சரம்மாவிடம் போகாது. பென்சில் குத்தினாலும் முட்டி உரசினாலும் அவரைச் சுற்றிக்கொண்டு என்னிடம்தான் வரும், காதில் வங்காளத்தில் சொல்லும். அவர் மருந்துப் பெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் தரை துடைக்கும்போது, "மாஷி, இன்னிக்கு என்ன சொல்லித்து" என்று கேட்பார். சொல்வேன். ஒருதரம் அது தன்னிடம் வந்து சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு. வேறு எதற்கும் அவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷக் கடைசியில் குழந்தையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று. சொல்லிக்கொள்ள வந்தார்கள். குழந்தை வங்காளி வழக்கப்படி குனிந்து டீச்சரம்மாவின் காலைத் தொட்டது. அவர் அதைவிடக் கீழே குனிந்து அதன் பாதத்தைப் பார்த்தார். தழும்பு பளபளவென்று இருந்தது. "பேத்தா கோரே?" என்று கேட்டார். வலிக்கிறதா என்று, வங்காளத்தில். குழந்தை அம்மாவைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. நாக்கை மடித்து, யோசித்து யோசித்து, "இப்ப வலிக்கலை, டீச்சர்" என்றது. வலிக்கலை என்பதில் ள இல்லை. ஆனாலும் மடித்தது.

அவர்கள் சந்து திரும்புகிறவரை அவர் வாசலில் நின்றார். "வலிக்கறதோ இல்லையோ, யார் கண்டா" என்றார். "எனக்காகத் தமிழ்ல சொல்லிட்டுப் போறது."

பள்ளிக்கூடம் போய்விட்டது, அந்த இடத்தில் அடுக்குமாடி. டீச்சரம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் டாலிகஞ்சில் மகன் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன வாரம் கீழ் வீட்டுப் பெண் குழந்தை வந்து, ஸ்கூலில் முதலுதவி ஹோம்வொர்க், உங்கள் காலில் கட்டுப் போட்டுப் படம் எடுக்கவேண்டும் தீதா என்றாள்; பாட்டிக்கு இங்கே தீதா. காலை நீட்டினேன். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினாள், படம் எடுத்தாள், சரியாக வரவில்லை என்று இன்னொன்று எடுத்தாள். போகிற போக்கில் "தீதா, லாக்சே?" என்று கேட்டாள், உறுத்துகிறதா என்று. இறுக்கமாகத்தான் இருந்தது. "நா ரே", இல்லை என்று, அவள் பாஷையிலேயே சொன்னேன். ஓடிவிட்டாள். அந்தக் கட்டை அவிழ்த்துக்கொள்ள எனக்கு வெகுநேரம் பிடித்தது.