கை ஒடிந்தவரே ஜாமீனுக்கு வந்தார்

பூண்டி பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். மூக்கு சொல்லிவிடும். மூட்டை மூட்டையாகப் பூண்டு, ஈரக் கம்பளி, டீசல் புகை... பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களோடு அந்த வாசனையும் நடந்து கொடைக்கானல் கோர்ட் வராந்தாவுக்கு வந்துவிடும். என் கறுப்புக் கோட்டில் ஒட்டினால் சாயங்காலம் வரைக்கும் போகாது.

அப்போது நான் புதுசு. பழனியிலிருந்து மலையேறிப் போய்த்தான் பிராக்டீஸ். சொந்தக் கேஸ் என்று ஒன்றும் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குக் கோர்ட்டே ஒரு வக்கீலைக் கொடுக்கும் அல்லவா, இலவச சட்ட உதவி... அந்த வரிசையில் நானும் இருந்தேன். அப்படி வந்தவர்தான் மேல்மலையில் பூண்டி கிராமத்துக்காரர் சின்னையா.

பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி வேலிப் படலைத் திறந்து போட்டுவிட்டாராம். காட்டுமாடு புகுந்து சின்னையாவின் காரட்டைத் துவம்சம் பண்ணிவிட்டது. வாய்ச்சண்டை முற்றி, இவர் மண்வெட்டிக் காம்பை வீசியதில் வேலுச்சாமிக்கு வலது கை ஒடிந்துபோனது. அந்த மனுஷன் போலீசுக்கே போகவில்லை. கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போய், கேஸாகி, சின்னையாவை மலைக்குக் கீழே சப் ஜெயிலில் அடைத்துவிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். குளிரிலேயே வளர்ந்தவர் கீழ்நாட்டு வெக்கையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். சண்டையைப் பற்றி என்ன கேட்டாலும், ஆமாம், அடித்தேன் என்பதோடு சரி. அவராகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், வேலுச்சாமி மாமா தோட்டத்துல பூண்டு ஊனியாச்சாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை ஒடித்தவருக்கு அந்தத் தோட்டத்தில் என்ன அக்கறை? வெளியே போய் மறுபடி வம்பு பண்ணப் போகிறாரா? ஏன் கேட்கிறீர்கள் என்றால், சும்மாதான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஜாமீன் ஆர்டர் கிடைத்தது. இரண்டு பேர் வீட்டு வரி ரசீதோடு வந்து பொறுப்பேற்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஊரிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. ஆர்டர் இருந்தும் மனுஷன் உள்ளேயே கிடந்தார். மழை ஈரம் இருக்கும்போதே ஊன்றாவிட்டால் அந்த வருஷம் அந்தக் குடும்பத்துக்குப் பூண்டு கிடையாது. பூண்டு இல்லையென்றால் சோறும் இல்லை.

பொறுக்கமாட்டாமல் நானே பூண்டிக்கு பஸ் ஏறினேன். ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வக்கீலே போகிறாளாம் என்று சீனியர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்... சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஊரில் பிரியமாகத்தான் பேசினார்கள். காபி கொடுத்தார்கள். சின்னையா தங்கமான ஆள் என்றார்கள். ஜாமீன் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

திரும்பும்போது, பஸ் ஏற்றிவிட வந்த சின்னையாவின் மனைவி பாண்டியம்மாதான் விஷயத்தை அவிழ்த்தார். அடிதடி என்றால், அடிபட்டவர் சம்மதிக்காமல் அடித்தவருக்காக யாரும் போய் நிற்கக் கூடாதாம். ஊர் வழக்கம். அப்படியானால் வேலுச்சாமியையே போய்க் கேட்டுவிடலாமே என்றேன்.

"கேக்கக் கூடாதுங்க மேடம். அவங்களா வரணும்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

நானும் கேட்க முடியாது. அடித்தவரின் வக்கீல் அடிபட்டவரோடு பேசினால், சாட்சியைக் கலைத்தாள் என்று ஆகிவிடும். வேலுச்சாமி வீட்டைத் தாண்டித்தான் பஸ் நிற்கும். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நமநமவென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம் கோர்ட்டில் நிமிர்ந்து பார்க்கிறேன்... அதே கட்டு, அதே ஆள். கூடவே அவர் மச்சினன். வரி ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுருட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் அம்மா ரசீதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். இதை ஒடித்தது யார் என்று கேட்டார். உள்ளே கிடக்கிறானே அவன்தான் என்றார் வேலுச்சாமி. யாராவது மிரட்டிக் கூட்டி வந்தார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்.

"மெரட்டல்லாம் இல்லீங்கம்மா. கைய ஒடிச்சவன்தான் அந்தக் கை கூடுற வரைக்கும் தோட்டத்துச் சோலியப் பாக்கணும். எங்க ஊருல அதாங்க வழக்கம். அவன் உள்ள உக்காந்து சோறு தின்னுட்டிருந்தா என் பூண்ட யாரு ஊன்றது? வெரசா அனுப்பி விடுங்க."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட் அம்மா சிரிக்கவில்லை. ஜாமீனை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். சின்னையா ஜெயிலில் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெளியே வந்தவர் முதலில் வேலுச்சாமி தோட்டத்தில்தான் ஊன்றினார். தன்னுடையதைப் பிந்தி ஊன்றி, பாதியை உறைபனிக்குப் பறிகொடுத்தார். வாய்தாவுக்கு வந்தபோது வருத்தமில்லையா என்று கேட்டேன். உள்ளேயே இருந்திருந்தால் இரண்டு பேர் பூண்டும் போயிருக்குமே என்றார், ஏதோ எனக்குக் கணக்குத் தெரியாத மாதிரி.

இப்போதும் நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். சட்ட உதவிக்கென்று தனி ஆபீஸ், கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிட்டது. ஆளை வீடியோவில் ஆஜர்படுத்துகிறார்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாத ஏழையைச் சொந்தப் பொறுப்பில் விடச் சொல்லி வாதாடலாம், பல தடவை விடுகிறார்கள். நல்லதுதான். அன்றைக்கு வேலுச்சாமி வீம்பாக வீட்டிலேயே இருந்திருந்தால் சின்னையா கதி என்ன? அதனால் பழைய காலம்தான் உசத்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும்... ஜாமீனுக்கு ஆள் இல்லை என்று யாருக்காகவாவது எழுந்து நிற்கும்போதெல்லாம், கண் தன்னால் கோர்ட் வாசலுக்குப் போகிறது. அடிபட்டவர் வருகிறாரா என்று.

வேலுச்சாமிக்குப் பிறகு ஒருத்தரும் வந்ததில்லை.